ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்

குறட்டையைப் பற்றி நம் வீடுகளில் நெடுங்காலமாக ஒரு தப்பான அபிப்பிராயம் இருந்து வருகிறது. குறட்டை விட்டால் நல்ல தூக்கம் என்று அர்த்தம். மனத்தில் கவலை இல்லாதவன்தான் குறட்டை விடுவான் என்பார்கள். என் பேத்தி ஐந்து வயதிலேயே குறட்டை விட ஆரம்பித்தபோது நாங்கள் எல்லோரும் சிரித்தோம். "அப்படியே தாத்தாவைக் கொண்டு பிறந்திருக்கிறது" என்றாள் என் மனைவி. எனக்கும் உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான். என்னுடைய நாவல் ஒன்றையும் அவள் படித்ததில்லை. என்னிடமிருந்து ஏதோ ஒன்றாவது அவளுக்குப் போயிருக்கிறதே என்ற பெருமை.

அந்தக் குழந்தை இரவில் சரியாகத் தூங்குவதே இல்லை என்பது எங்களுக்குத் தெரியவர ஐந்து வருஷம் ஆயிற்று.

அதுவும் ஒரு பல்வலியால் தெரிந்தது. 2019-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் கடைவாய்ப் பல் சொத்தை என்று பல் வைத்தியரிடம் அழைத்துப் போனாள் என் பெண். "வாயை நன்றாகத் திற, கண்ணு" என்றார் அவர். அவள் திறந்தாள். "இன்னும் கொஞ்சம்" என்றார். அவ்வளவுதான் அவளால் முடியும் என்பது அப்போதுதான் தெரிந்தது. ஒரு விரல் நுழையாது; வைத்தியரின் சின்னக் கண்ணாடிகூட நுழையவில்லை. மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவே 3 மில்லிமீட்டர். ஒரே நாளில் அப்படி ஆகியிருந்தால் ஊரைக் கூட்டியிருப்போம். வருஷக்கணக்கில், தெரியாமல், கதவு சாத்துவது போலச் சாத்திக்கொண்டே வந்திருக்கிறது. அவளும் தோசையைப் பிய்த்துப் பிய்த்து விரலால் உள்ளே தள்ளிச் சாப்பிடப் பழகிவிட்டாள். சாப்பிட ஒரு மணி நேரம் ஆக்குகிறாள் என்று அவளைக் கடிந்துகொண்டவர்களில் நானும் ஒருவன்.

சென்னையில் முகத்து எலும்புகளுக்கென்றே இருக்கும் ஒரு ரண சிகிச்சை நிபுணரிடம் எங்களை அனுப்பினார்கள். படங்களை விளக்குப் பலகையில் மாட்டிப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "சின்ன வயதில் எப்போதாவது கீழே விழுந்தாளா? மோவாயில் அடிபட்டதா?"

என் பெண் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பாமல் இருந்ததிலிருந்தே அவளுக்கும் ஞாபகம் வந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன்.

2013 பொங்கலுக்கு எல்லோரும் ஊரில் எங்கள் வீட்டில் கூடியிருந்தார்கள். குழந்தைக்கு நாலு வயது. கூடத்து ஊஞ்சலில் உட்கார்ந்துகொண்டு, "இன்னும் வேகமா, தாத்தா! இன்னும் வேகமா!" என்றாள். ஆட்டிவிட்டவன் நான். பலகையிலிருந்து வழுக்கி முன்பக்கமாக விழுந்தாள். மோவாய் தரையில் மோதிற்று. இரண்டு தையல் போட்டார்கள். பல் ஒன்றும் போகவில்லை, நல்ல வேளை என்று சொல்லிக் கற்பூரம் ஏற்றினோம். காதுப் பக்கம் என்ன ஆயிற்று என்று பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

வாசகர்கள் காதுக்குச் சற்று முன்னால் விரலை வைத்துக்கொண்டு வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். ஒரு குமிழ் அசைவது தெரியும். கீழ்த்தாடையின் கீல் அது. மோவாயில் விழுந்த அடி எலும்பு வழியே பாய்ந்து அந்தக் குமிழை உடைத்துவிட்டது. மூட்டுக்குள் தேங்கிய ரத்தம் நாளடைவில் எலும்பாக மாறி, தாடையை மண்டை ஓட்டோடு சேர்த்து ஒட்டிவிட்டது. அதோடு போகவில்லை. தாடை நீண்டு வளர்வதற்கு அந்தக் குமிழின் பங்கு பெரிது. அது கெட்டதால் முகத்தின் மேல்பாதி பத்து வயதுக்கு வளர்ந்திருக்க, தாடை மட்டும் பின்தங்கி நின்றுவிட்டது. நாக்கின் தசை மோவாயின் உட்புறத்தில் கட்டியிருப்பது. மோவாய் பின்வாங்கினால் நாக்கும் பின்வாங்கும். படுத்தால் தொண்டையை அடைக்கும். குறட்டை என்று நாங்கள் ரசித்தது, ஒரு குழந்தை இரவெல்லாம் மூச்சுக்காகப் போராடிய சத்தம்.

"மூட்டை உடனே பிரித்துவிட முடியாதா?" என்று கேட்டேன்.

"பிரிக்கலாம். ஆனால் இப்போது வேண்டாம், ஐயா. முதலில் தாடையை நீட்டி மூச்சுக்கு வழி செய்வோம். மூட்டு ஒட்டியிருப்பதே இந்த வேலைக்கு நல்லது. பின்னால் அசையாத பிடி இருந்தால்தான் தள்ளுகிற தள்ளு முழுவதும் முன்பக்கம் போகும்" என்றார்.

எலும்பை எப்படி நீட்டுவது? சப்பாத்தி மாவா, என்ன? அவர் பொறுமையாகச் சொன்னார். தாடையை இரண்டு பக்கமும் அறுத்து, அறுத்த இடத்தின் குறுக்கே ஒரு சின்னத் திருகாணிக் கருவியைப் பொருத்துவார்கள். ஐந்து நாள் சும்மா விட்டுவிடுவார்கள். பிறகு திருகாணியைத் தினம் கொஞ்சம் திருப்பித் துண்டுகளை மெல்ல விலக்கிக்கொண்டே போவார்கள். விலகும் இடைவெளியில் உடம்பே புது எலும்பை உண்டாக்கிக்கொள்ளும். தினம் ஒரு மில்லிமீட்டர். 16 நாளில் 16 மில்லிமீட்டர்.

"ஒரே நாளில் 16 மில்லிமீட்டர் இழுத்து வைத்துத் தகட்டால் இறுக்கிவிட்டால்?"

"எலும்பு வேண்டுமானால் வரும். தசையும் தோலும் நரம்பும் வராது. அவை பின்னுக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். நடுவில் இருக்கும் ஓட்டையை அடைக்க விலாவிலிருந்தோ இடுப்பிலிருந்தோ எலும்பு எடுக்க வேண்டும். மெதுவாகப் போனால் எல்லாம் கூடவே வளர்ந்துகொண்டு வரும்" என்றார்.

மே மாதம் 10-ஆம் தேதி ஆபரேஷன். வாய் திறக்காத குழந்தைக்கு மயக்க மருந்து கொடுப்பதே பெரிய காரியம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். விளக்குப் பொருத்திய மெல்லிய குழாயை மூக்கு வழியே விட்டு, மூச்சுக்குழல் எங்கே இருக்கிறது என்று பார்த்துப் பார்த்துப் போனார்களாம். திரும்பி வந்தபோது தாடைக்குக் கீழே கழுத்தின் இரு பக்கமும் பென்சில் முனை மாதிரி ஒரு கம்பி எட்டிப் பார்த்தது. அதற்கு ஒரு திருகுச் சாவி. சாவியின் பிடியில் எந்தப் பக்கம் திருப்புவது என்று காட்ட ஓர் அம்புக்குறி. காலையில் ஒரு சுற்று, மாலையில் ஒரு சுற்று. ஒரு சுற்றுக்கு அரை மில்லிமீட்டர். இரண்டு பக்கமும் சேர்த்து 64 சுற்று. ஆய கலைகளின் கணக்குத்தான்!

முதல் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் நர்ஸ் திருப்பினாள். மூன்றாம் நாள் எங்களிடம் சாவியைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பக்கத்திலேயே ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்திருந்தோம். என் பெண் சாவியைக் கையில் வாங்கினாள், கம்பியில் மாட்டினாள், கை நடுங்கிற்று. வெளியே எடுத்துவிட்டு, "அப்பா, நீங்கள்தான் திருப்ப வேண்டும்" என்றாள்.

அவள் அதை எந்த அர்த்தத்தில் சொன்னாள் என்று இன்று வரையில் நான் கேட்கவில்லை.

திருப்பினேன். குழந்தை கண்ணை மூடிக்கொண்டு எண்ணினாள். வலி என்பதைவிட ஓர் இறுக்கம். பல்லெல்லாம் யாரோ பிடித்து இழுப்பது போல் இருக்கிறது என்றாள். பத்து நிமிஷத்தில் போய்விடும். எனக்குத்தான் அடுத்த வேளை வரும் வரையில் போகாது.

அந்த இடைவெளிக்குள் என்ன நடக்கிறது? கதை எழுதுகிறவனுக்கு மூடிய கதவுக்குப் பின்னால் நடப்பதை அறியாவிட்டால் தூக்கம் வராது. டாக்டரைக் கேட்டும் புத்தகங்களைப் பார்த்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். அறுத்த இடத்தில் முதலில் ரத்தம் உறைகிறது. அதற்குள் புதிய ரத்தக் குழாய்கள் துளிர்க்கின்றன. என்னவாகவும் மாறக்கூடிய இளம் அணுக்கள் வந்து குவிகின்றன. இதற்குத்தான் அந்த ஐந்து நாள். திருகாணியைத் திருப்பத் தொடங்கியதும் அந்த இளம் திசு இழுபடுகிறது. அதிலுள்ள நார்கள் எல்லாம் இழுக்கும் திசையிலேயே வரிசை வரிசையாக நிற்கின்றன.

எங்கள் ஊரில் நெசவுக்காரத் தெரு ஒன்று உண்டு. விடியற்காலையில் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரையில் பாவு நீட்டியிருப்பார்கள். தளர்ந்தால் சிக்கும், அதிகம் இழுத்தால் அறும். பதம் தெரிந்த கை வேண்டும். தாடைக்குள் நீண்ட அந்த நார்ப் பாவின் மேல் எலும்பு அணுக்கள் வந்து உட்கார்ந்து, இரண்டு வெட்டு முனைகளிலிருந்தும் நடுவை நோக்கி எலும்பைக் கட்டிக்கொண்டே வருகின்றன. நடுவில் மட்டும் ஒரு மெல்லிய பட்டை நாராகவே இருக்கும். இழுக்கிற வரையில் புதிய பாவு ஓடிக்கொண்டிருப்பது அங்கேதான். எக்ஸ்ரேயில் அது கறுப்பாகத் தெரியும். கருவில் கீழ்த்தாடை உண்டாகும்போதும் பெரும்பகுதி குருத்தெலும்பாக நின்று மாறாமல், மெல்லிய சவ்விலிருந்து நேராகவே எலும்பாகிறதாம். பத்து வயதுப் பெண்ணின் தாடை, தாய் வயிற்றில் கற்ற வேலையை மறுபடியும் செய்தது.

ஒன்பதாம் நாள் மாலை நான் ஒரு தப்புச் செய்தேன். 2019 கோடையில் சென்னையில் இருந்தவர்களுக்கு அந்தத் தண்ணீர்ப் பஞ்சம் மறந்திருக்காது. லாரி வந்துவிட்டது என்று யாரோ கூவ, என் பெண் குடத்தை எடுத்துக்கொண்டு கீழே ஓடினாள். நான் வலது பக்கம் திருப்பி முடித்தேன். அந்தச் சமயம் பார்த்து, தீபாவளி மலருக்குக் கதை கேட்டு ஒரு பத்திரிகை ஆசிரியர் போன் செய்தார். பேசிவிட்டு வந்து பார்த்தால், இடது பக்கம் திருப்பினேனா இல்லையா என்று ஞாபகம் இல்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் தேதிக் காலண்டர் தாளில் ஒரு கோடு போடுவது வழக்கம். வலது பக்கத்துக்கே அன்று கோடு போட்டிருக்கவில்லை.

"இடது பக்கம் ஆச்சா, கண்ணு?"

"ஆச்சு தாத்தா" என்றாள் உடனே. இந்தச் சாட்சியை எந்தக் கோர்ட்டிலும் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள்.

திருப்பியிருந்து மறுபடியும் திருப்பினால் என்ன ஆகும்? திருப்பாமலே விட்டால் என்ன ஆகும்? ஊஞ்சல் சங்கிலியின் கிறீச் சத்தம் காதில் கேட்க ஆரம்பித்துவிட்டது. டாக்டருக்குப் போன் செய்தேன். "சந்தேகம் வந்தால் திருப்பாதீர்கள். காலையில் அழைத்து வாருங்கள்" என்றார்.

மறுநாள் பார்த்துவிட்டு, "அரை மில்லிமீட்டர் கூடியதா குறைந்ததா என்று படத்தில் கண்டுபிடிக்க முடியாது. ஒரு சுற்றினால் ஒன்றும் மோசம் போய்விடாது. தினம் தினம் தப்பினால்தான் ஆபத்து" என்று சமாதானம் சொன்னார். என் முகத்தைப் பார்த்து, அது போதாது என்று நினைத்தாரோ என்னவோ, "இந்த வைத்தியமே திருகாணியைத் தப்பாகத் திருப்பியதில் கிடைத்தது என்று ஒரு கதை உண்டு, தெரியுமா? குர்கன் என்ற ஊரில்" என்றார்.

"டில்லிக்குப் பக்கத்திலா?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். இந்தக் குர்கன் ருஷ்யாவில், மேற்கு சைபீரியாவில் இருக்கிறது.

கவ்ரீல் இலிஸாரோவ் 1921-இல் பிறந்தவர். 1944-இல் வைத்தியப் படிப்பை முடித்ததும் குர்கன் பிரதேசத்தில் ஒரு கிராம ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மகா யுத்தத்தில் கால் முறிந்து, முறிவு கூடாமலே வருஷக்கணக்கில் ஊன்றுகோலோடு திரிந்தவர்கள் அந்த நாட்டில் ஏராளம். 1951-இல் அவர் ஒரு கருவி செய்தார். காலைச் சுற்றி இரும்பு வளையங்கள். வளையத்திலிருந்து எலும்பின் ஊடே பாயும் மெல்லிய கம்பிகள், சைக்கிள் சக்கரத்தின் ஆரைக்கால் மாதிரி. வளையங்களை இணைக்கும் திருகுத் தண்டுகள். முறிந்த முனைகளை நெருக்கி அழுத்துவதற்காகச் செய்தது அது. ஒரு நோயாளி திருகாணியை எதிர்ப்பக்கமாகத் திருப்பிக்கொண்டே வந்துவிட்டானாம். முனைகள் நெருங்குவதற்குப் பதில் விலகின. படம் எடுத்துப் பார்த்தால் விலகிய இடத்தில் புது எலும்பு! கதை இப்படித்தான் சொல்லப்படுகிறது. நாவலாசிரியனான எனக்கு, இவ்வளவு பொருத்தமான கதைகளின் மேல் எப்போதுமே கொஞ்சம் சந்தேகம். ஆனால் அன்று காலை அதை முழுவதும் நம்பினேன்.

எலும்பை இழுத்து நீட்ட அதற்கு முன்பே முயன்றவர்கள் உண்டு. இத்தாலியில் பொலோஞா நகரத்து அலெஸ்ஸாண்ட்ரோ கோடிவில்லா 1905-இலேயே தொடையெலும்பை அறுத்து, பலமாக இழுத்து நீட்டியதைப் பற்றி எழுதியிருக்கிறார். பலத்தில் குறைவில்லை, பொறுமைக்குத்தான் கணக்குத் தெரியாமல் இருந்தது. அந்தக் கணக்கைப் போட்டவர் இலிஸாரோவ். நாய்களின் காலெலும்பில் பார்த்தார். நாளுக்கு அரை மில்லிமீட்டர் என்றால், எலும்பு முந்திக்கொண்டு கூடிப்போய் மேலே நீள மறுக்கிறது. 2 மில்லிமீட்டர் என்றால், எலும்பும் சுற்றியுள்ள திசுக்களும் ஈடுகொடுக்க முடியாமல் கெடுகின்றன. ஒரு மில்லிமீட்டர்தான் பதம். அதையும் ஒரே தடவையில் இழுப்பதைவிட நாலு தடவையாகப் பிரித்து இழுப்பது மேல். ஒரு யந்திரம் வைத்து 60 தடவையாகப் பிரித்தபோது இன்னும் சிறப்பாக இருந்தது. இந்த ஆராய்ச்சி 1989-இல் ஆங்கிலத்தில் வெளியாயிற்று.

அதுவரையில் மேல்நாட்டார் அவரை அதிகம் அறியவில்லை. மாஸ்கோவில் சிலர் அவரை 'ஃபிட்டர்' என்று கேலி செய்ததாகச் சொல்வார்கள். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் உயரம் தாண்டுதலில் தங்கம் வாங்கிய வலேரி புரூமெல் மறுவருஷம் மோட்டார் சைக்கிள் விபத்தில் காலை முறித்துக்கொண்டார். எத்தனையோ ஆபரேஷன்கள் பலிக்காமல், 1968-இல் குர்கனுக்கு வந்தார்; குணமாகி மறுபடியும் தாண்டினார். 1980-இல் கார்லோ மௌரி என்ற இத்தாலிய மலையேறி ஆறாத காலோடு வந்தார். அவர் குணமாகித் திரும்பியதைப் பார்த்த இத்தாலிய டாக்டர்கள் அடுத்த வருஷமே இலிஸாரோவைத் தங்கள் நாட்டுக்கு அழைத்துக் கேட்டார்கள். கோடிவில்லாவின் நாட்டுக்கே போய்க் கணக்கைச் சொல்லிக் கொடுத்தார்.

காலிலிருந்து முகத்துக்கு வர இன்னும் சில காலம் ஆயிற்று. 1973-இல் அமெரிக்காவில் ஸ்னைடர் என்பவரும் அவர் கூட்டத்தாரும் நாயின் தாடையை இப்படி நீட்டிக் காட்டினார்கள். மனிதக் குழந்தைகளுக்குச் செய்து உலகத்துக்கு அறிவித்தவர் நியூயார்க்கின் ஜோசப் மெக்கார்த்தி. 1992-இல் அவர் எழுதிய கட்டுரையில் நாலு குழந்தைகள். 18 முதல் 24 மில்லிமீட்டர் வரையில் நீட்டியிருக்கிறார். அன்று கருவி கன்னத்துக்கு வெளியே இருந்தது. கம்பி நகர்ந்த வழியெல்லாம் தழும்பு. பிற்பாடு கருவி சிறுத்துச் சருமத்துக்குள் போய்விட்டது. பிறவியிலேயே தாடை சிறுத்து மூச்சுத் திணறும் பச்சைக் குழந்தைகளுக்கும் இப்போது இதைச் செய்கிறார்கள். பல குழந்தைகளுக்குத் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைக்கும் அவசியம் இதனால் தவிர்க்கப்படுகிறது.

எங்கள் 16 நாளும் முடிந்தன. "ஆயிற்று, இனிக் கழற்றிவிடலாமே" என்றேன். "இனிமேல்தான் அது எலும்பாக வேண்டும். திருப்பாமல் இருப்பதுதான் இனி உங்கள் வேலை" என்றார் டாக்டர். மூன்று மாதம்! திருப்பும்போதாவது கைக்கு ஒரு வேலை இருந்தது. பார்க்க வந்த உறவினர்கள் கழுத்துக் கம்பியைப் பார்த்து உச்சுக்கொட்டினார்கள். ஒரு மாமி, "பெண் குழந்தைக்கு இது தேவையா?" என்றே கேட்டுவிட்டாள். ஒவ்வொரு படத்திலும் அந்தக் கறுப்புப் பட்டை சாம்பலாகி, சாம்பல் வெளுத்துக்கொண்டு வந்தது.

இதற்குள் குறட்டை நின்றுவிட்டது. சந்தோஷப்பட வேண்டியதுதானே? முதல் சில இரவுகள் சத்தமில்லாத அந்த அறையில் எனக்குப் பயமாக இருந்தது. எழுந்து போய் அவள் மூக்கருகே புறங்கையை வைத்துப் பார்த்தேன். மூன்றாம் இரவு இருட்டில் இன்னொரு கை என் கையில் இடித்தது. என் பெண்ணும் அதற்குத்தான் எழுந்து வந்திருந்தாள். "தூங்குகிறாள், அப்பா. நீங்களும் போய்ப் படுங்கள்" என்றாள். அன்றைக்கு அவள் குரலில் இருந்த இதத்தை நான் வேறு யாரிடமும் சொல்லவில்லை.

செப்டம்பரில் கருவியை எடுத்துவிட்டு, ஒட்டிய மூட்டையும் அறுத்துப் பிரித்தார்கள். மறுபடியும் ஒட்டாமலிருக்க நெற்றிப்பொட்டுத் தசையில் ஒரு பகுதியைத் திருப்பி நடுவே வைத்தார்கள். அதன் பிறகு பட்ட பாட்டுக்கு முன்னால் திருகாணி விளையாட்டு என்றே சொல்ல வேண்டும். தினம் நாலு வேளை, பல்லுக்கு நடுவே ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கி வாயைத் திறக்கப் பழக்க வேண்டும். பதினொரு குச்சியில் ஆரம்பித்தோம். பன்னிரண்டாவதை நுழைக்க ஒரு வாரம் அழுதாள். பதினைந்தாவது குச்சி தை மாதம் நுழைந்தது.

2020 பொங்கலுக்கு ஊருக்கு வந்தார்கள். கூடத்தில் வெறும் கொக்கிகளைப் பார்த்துவிட்டு, "ஊஞ்சல் எங்கே, தாத்தா?" என்று கேட்டாள். பலகையை நான் ஏப்ரலிலேயே கழற்றிப் பரணில் போட்டிருந்தேன். என் பெண் ஒன்றும் பேசாமல் ஏணியைக் கொண்டு வந்து சாத்தினாள். மாட்டினோம். குழந்தை உட்கார்ந்துகொண்டாள், நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன், காலைத் தரையில் நன்றாக ஊன்றியபடி. ஆட்டச் சொல்லி அவளும் கேட்கவில்லை. குர்கன் ஊரைப் பற்றியும், இலிஸாரோவின் வளையங்களைப் பற்றியும், எதிர்ப்பக்கம் திருப்பிய அந்த மனிதனைப் பற்றியும் சொல்லத் தொடங்கினேன். நாய்களுக்குத் தினம் எத்தனை மில்லிமீட்டர் இழுத்தார் என்ற கட்டம் வந்தபோது, என் பேத்தி கையால் மறைக்காமல், அண்ணாக்குத் தெரியும்படி வாயைப் பிளந்து, சாவகாசமாக ஒரு கொட்டாவி விட்டாள். நான் கதையை நிறுத்திவிட்டு, உள்ளே வேலையாக இருந்த அவள் அம்மாவைக் கூப்பிட்டேன்.